அபாயம் நிகழும் முகவரி

“புயலோட வீட்டு நம்பர் என்ன சார்?” என்று கேட்டார் இன்சூரன்ஸ் ஏஜென்ட்.

அவர் கேலி செய்யவில்லை. மடியில் பதினான்கு பக்க விண்ணப்பம் விரிந்து கிடந்தது. பேனா ஒன்பதாவது கேள்வியில் நின்றுவிட்டது. ‘அபாயம் நிகழும் முகவரி.’

“புயலுக்கு ஏதுங்க வீடு?” என்றார் ஸ்டுடியோக்காரர்.

“எனக்குத் தெரியும் சார். ஃபாரத்துக்குத் தெரியாதே? கதவு எண், தெரு, ஊர்னு மூணு கட்டம் போட்டிருக்கான். ஒரு கட்டம் காலியா இருந்தாலும் தலைமை அலுவலகத்துல திருப்பி அனுப்பிடுவாங்க. ரொம்பக் கறார்.”

“கடல்னு எழுதுங்க” என்றான் அவருடைய மச்சினன், போனிலிருந்து தலையைத் தூக்காமல். “இப்போதைக்கு அங்கதான் இருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் நாலு பத்துக்குக் கரையேறுது.”

“கடல்ல எந்தத் தெரு தம்பி?”

மச்சினன் அதற்கும் ஏதாவது பதில் இருக்குமா என்று போனில் தேட ஆரம்பித்தான்.

அன்று புதன்கிழமை. ஊரே மெழுகுவத்தியும் டார்ச் பேட்டரியும் வாங்க ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டுடியோக்காரர் மட்டும், புயல் வராமல் திசைமாறிப் போய்விடுமோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டு வருஷமாகப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கிறவர் அவர். ஊரில் அவருக்கு ‘ஆடாதீங்க’ என்று பெயர். ஸ்டூலில் உட்காருகிற யாரிடமும் அவர் வேறு எதுவும் பேசியதில்லை. தலையை நேராக வைத்து, காதைக் காட்டி, சிரிக்காமல், ஆடாமல் உட்கார்ந்த முகங்கள் ஸ்டுடியோ வாசலில் வரிசையாகத் தொங்கின. தபால்காரர், பல் டாக்டர், மச்சினன் என்று எல்லோரும் இருந்தார்கள். அவர் படம் மட்டும் இல்லை. பட்டனை அழுத்துகிறவர் அவர் ஒருவர்தானே, பிறகு எப்படி இருக்கும்?

ஆடாததையே எடுத்து எடுத்து மனுஷனுக்கு அலுத்துவிட்டது. ஆடுகிற ஒன்றை எடுக்க வேண்டும். அதிலும் எது ஆடினால் ஊரே ஆடுமோ அதை எடுக்க வேண்டும்.

வானிலை மையம் வருஷா வருஷம் ஒரு காலண்டர் போடும். அட்டையில் யாராவது ஒருவர் எடுத்த புயல் படம் வரும். ஸ்டுடியோக்காரர் நான்கு வருஷம் படம் அனுப்பினார். நான்கு வருஷமும் ‘மேகம் தெளிவாக இல்லை’ என்று ஒரே வரியில் திரும்பி வந்தது. இந்த வருஷம் அனுப்ப இன்னும் பத்து நாள்தான் இருந்தது. புயலும் தானாக வருகிறது. இதைவிட்டால் இன்னொன்று எப்போது வருமோ?

குறுக்கே நின்றது மனைவி. காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழையில் மொட்டை மாடிக்கு ஓடியவர், ஸ்டுடியோவில் இருந்த ஒரே கேமராவுக்கு மனைவி குளிக்கும்போது தலையில் மாட்டும் பிளாஸ்டிக் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். தொப்பி பிழைத்தது. கேமரா செத்தது. வேறொன்று வாங்கும்வரை பதினொரு நாள் ஸ்டுடியோ மூடிக் கிடந்தது. எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர் தன் போனில் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக் கொடுத்தார். அதை மனைவி இன்னும் மறக்கவில்லை.

“கேமரா வாங்குங்க. புயலுக்கும் போங்க” என்று அவள் சொல்லியிருந்தாள். “ஆனா இன்சூரன்ஸ் பேப்பர் என் கைக்கு வரணும். வராம கேமரா இந்த வாசப்படி தாண்டக்கூடாது.”

ஸ்டுடியோவுக்கு ஏசி போட வைத்திருந்த பணம் அது. அதனால் கேமராக் கடைக்கும் அவளே கூட வந்தாள்.

“புயலா?” என்ற கடைக்காரரின் கண்கள் மின்னின. “அப்ப மழை தாங்கற கேமரா பாடி வேணும். காத்துல சாயாத ஸ்டாண்டு வேணும். மணல் மூட்டை வேணும்.”

“வைடு லென்ஸ் போடுங்க” என்றான் மச்சினன். அவன் மெத்தை வியாபாரம் செய்கிறவன். ஆனால் மூன்று வாரமாகப் புயல் வீடியோவாகப் பார்த்துத் தள்ளியிருந்தான். “மேகம் வானம் பூரா நிக்கும் மாமா. அத்தனையும் உள்ள வரணும்.”

“எதை வச்சா ரொம்ப தூரத்துல நின்னு எடுக்கலாம்?” என்று கேட்டாள் மனைவி.

கடைக்காரர் உள்ளே போய் சுரைக்காய் நீளத்துக்கு ஒரு லென்ஸை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். “இதை வச்சா மேகம் அப்படியே பக்கத்துல வரும்மா.”

“மேகம் வரட்டும். இவர் போகக்கூடாது. எவ்வளவு தூரத்துல நிக்கலாம்?”

“நாலு கிலோமீட்டர்.”

“எட்டு கிலோமீட்டருக்கு இருக்கா?”

கடைசியில் அவருக்காக வைடு லென்ஸும் அவளுக்காகச் சுரைக்காயும் வாங்கப்பட்டன. கூடவே கடைக்காரர் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொடுத்தார். மின்னல் கண் என்றார். அதைக் கேமராவின் தலையில் மாட்டிவிட்டால் போதும். மின்னல் வெட்டிய நொடியில் அதுவே படம் எடுத்துவிடும். மனித விரலுக்கு அந்த வேகம் வராது.

ஸ்டுடியோக்காரர் அதை, ஸ்டுடியோவுக்குப் பின்னாலேயே இருந்த வீட்டில் மாட்டிப் பார்த்தார். யார் லைட் சுவிட்சைத் தட்டினாலும் ‘க்ளிக்’ என்றது. அவர் குழந்தை மாதிரி நாற்பது தடவை தட்டினார்.

இப்போது ஒன்பதாவது கேள்வியில் எல்லாம் முட்டிக்கொண்டு நின்றது.

“எட்டாவது கேள்விக்கு என்ன எழுதினீங்க?” என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

“உபயோகத்தின் நோக்கம். ‘புயலைத் துரத்திப் படம் எடுத்தல்’னு சார் சொன்னார், எழுதிட்டேன்.” ஏஜென்ட் அதைத் தானே ஒருமுறை வாசித்துப் பார்த்தார். அவர் நெற்றியில் புதிதாக வியர்த்தது. “சார், இது வேண்டாம். துரத்தறோம்னு எழுதினா, அது திருப்பித் துரத்துமேன்னு கேப்பாங்க. ‘இயற்கைக் காட்சி’ன்னு போடுவோம்.”

போட்டார்கள். மறுநாள் காலை ஏஜென்ட் ஆபீசிலிருந்து போன் செய்தார்.

“இயற்கைன்னா காடாம் சார். காட்டுக்குள்ள போக அனுமதிக் கடிதம் கேக்கறாங்க.”

“நான் எங்கங்க காட்டுக்குப் போறேன்?”

“அதையும் சொன்னேன். அப்ப காட்டுக்குப் போகலன்னு காட்டு அதிகாரிகிட்ட கடிதம் வாங்கிட்டு வரச் சொல்றாங்க. விடுங்க சார். ‘ஸ்டுடியோ உபயோகம்’னு மாத்திடறேன். முகவரி பிரச்சினையும் தீந்துடும். உங்க ஸ்டுடியோ முகவரியே போட்டுடலாம்.”

மத்தியானம் ஏஜென்ட் வெற்றி முகத்தோடு வந்து சேர்ந்தார். “ஒத்துக்கிட்டாங்க! அருமையான பாலிசி சார். இடி, மின்னல், சூறாவளி, வெள்ளம், பூகம்பம் எல்லாம் உள்ள வருது. ஒரே ஒரு நிபந்தனை. சேதம் ஸ்டுடியோவோட நாலு சுவத்துக்குள்ள நடக்கணும்.”

ஸ்டுடியோக்காரர் சுவர்களைப் பார்த்தார். பதினெட்டு அடிக்குப் பத்து அடி. “அப்ப புயல் இங்க வந்து போஸ் கொடுக்கணுமா?”

“வந்துச்சுன்னா முழு இழப்பீடு” என்றார் ஏஜென்ட் பெருமையாக.

மனைவி கேமராப் பையைத் தூக்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவியை எங்கே வைத்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. மச்சினனின் போனில் புயல் ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது.

ஸ்டுடியோக்காரர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வாடிக்கையாளர்கள் மட்டுமே உட்காரும் ஸ்டூல் அது. அதில் அவரைப் பார்க்க மனைவிக்கே பாவமாக இருந்தது. ஏஜென்டுக்கு அதைவிடப் பாவமாக இருந்தது. அவர் விதிப்புத்தகத்தை எடுத்து நாக்கில் விரல் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். அறுபதாவது பக்கத்தில் துள்ளி எழுந்தார்.

“சார்! நடமாடும் ஸ்டுடியோ!”

“அப்படின்னா?”

“வண்டிதான் ஸ்டுடியோ. வண்டி எங்க நின்னாலும், அதைச் சுத்தி இருபது அடிக்கு அதுதான் முகவரி! கதவு எண்ணுக்கு வண்டி நம்பர் போட்டுடலாம்!”

மூன்று பேரும் ஒரே நேரத்தில் மச்சினனைப் பார்த்தார்கள். மச்சினன் வாசலில் நின்ற தன் மெத்தை வேனைப் பார்த்தான்.

“மாமா, அதுல நாளைக்கு எட்டு டபுள் மெத்தை டெலிவரி இருக்கு.”

“டேய்!” என்றாள் அக்கா.

“சரி, இல்ல” என்றான் மச்சினன்.

நடமாடும் ஸ்டுடியோ என்றால் சும்மா இல்லை. விதிப்புத்தகத்தில் பட்டியல் இருந்தது. பெயர்ப் பலகை, ஸ்டூல், நீலத் திரை, பேட்டரி விளக்கு இரண்டு, பிரிண்டர், முகம் பார்க்கும் கண்ணாடி, சீப்பு, குறைந்தது ஓர் உதவியாளர். வெள்ளிக்கிழமை காலைக்குள் ‘சுகமான தூக்கம்’ என்று எழுதியிருந்த வேனின் வயிற்றில் ‘ஐந்தே நிமிடத்தில் பாஸ்போர்ட் போட்டோ’ என்ற பலகை ஏறியது. ‘தூக்கம்’ மட்டும் முழுவதும் மறையவில்லை.

“இன்னொரு விஷயம் சார்” என்று ஏஜென்ட் குரலைத் தாழ்த்தினார். “வழியில யாராவது வந்து படம் எடுக்கச் சொன்னா மாட்டேன்னு சொல்லிடாதீங்க. சொன்னீங்கன்னா அது ஸ்டுடியோ இல்ல. வெறும் வேன். பாலிசி போச்சு.”

“புயல்ல எவன் வந்து பாஸ்போர்ட் போட்டோ கேக்கப்போறான்?” என்று சிரித்தார் ஸ்டுடியோக்காரர்.

பத்து மணிக்கு மதிப்பீட்டாளர் அம்மா வந்தார். ஸ்கூட்டரை நிறுத்தினார், கண்ணாடியைத் துடைத்து மாட்டினார், ஸ்டாண்டை ஆட்டிப் பார்த்தார், மணல் மூட்டையைக் காலால் உதைத்துப் பார்த்தார்.

“நான் சாமானை மட்டும்தான் பாப்பேன்” என்றார். “மத்ததெல்லாம் தலைமை அலுவலகம். ஒவ்வொரு சாமானுக்கும் போட்டோ வேணும். முன்னாடி, பின்னாடி, நம்பர் தெரியற மாதிரி.”

மதிப்பீட்டுக்காக மட்டும் மனைவி பீரோவிலிருந்து வெளியே விட்ட புதுக் கேமராவை ஸ்டுடியோக்காரர் உற்சாகமாகக் கையில் எடுத்தார். லென்ஸ், ஸ்டாண்டு, மின்னல் கண் எல்லாவற்றையும் எடுத்துத் தள்ளினார். பிறகு நின்றார். புதுக் கேமராவை எதை வைத்து எடுப்பது?

பழைய கேமராவை இறக்கினார்.

“அதுவும் வண்டியில வருதா?” என்று கேட்டார் அம்மா. “அப்ப அதுக்கும் போட்டோ வேணும்.”

பழையதை மச்சினன் போனால் எடுத்தார்கள்.

“அந்த போன்?”

“புயல் எங்க இருக்குன்னு அதுலதான் பாக்கறோம்.”

“அப்ப அதுவும் சாமான்தான். அதுக்கும் போட்டோ.”

மச்சினன் போனை ஸ்டுடியோக்காரர் போனாலும், ஸ்டுடியோக்காரர் போனை ஏஜென்ட் போனாலும் எடுத்த பிறகு, ஏஜென்ட் தன் போனையே பயத்தோடு பார்த்தார்.

“போதும்!” என்று மனைவி குறுக்கே வந்தாள். “எல்லாத்தையும் என் போன்ல எடுங்க. என் போன் புயலுக்கு வராது.”

இருபத்து மூன்று படங்கள் தேறின. மனைவி அவற்றை ஓரம் பிசகாமல் வெட்டினாள். ஸ்டுடியோக்காரர் ஒவ்வொன்றாகப் பசை தடவி, உரிய கட்டத்தில் ஒட்டி, மேலே கையால் நீவிவிட்டார்.

“சீப்பு எங்க?” என்றார் மதிப்பீட்டாளர் அம்மா.

எல்லோரும் வேனுக்குள் துழாவினார்கள். ஏஜென்ட் ஒரு நொடி தயங்கி, தன் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் தலையில் அதற்கு அதிக வேலையும் இல்லை.

“போட்டோ எல்லாம் ஒட்டியாச்சா?” என்று புறப்படும்போது கேட்டார் அம்மா.

ஸ்டுடியோக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். “அம்மா, இருபத்திரண்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். போட்டோ விஷயத்துல என்கிட்டயே கேக்கறீங்களே?”

மாலையில் ஏஜென்ட் ஓட்டமும் நடையுமாக வந்து ஒரு ரசீதைக் கொடுத்தார். “ஃபாரம் தலைமை அலுவலகத்துக்குப் போயாச்சு. பாலிசி தபால்ல வரும். இந்த நிமிஷத்துலருந்து நீங்க கவலையே பட வேண்டாம்!”

மனைவி ரசீதை இரண்டு முறை படித்தாள். நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். பிறகு அரிசி டப்பாவுக்குள் கையை விட்டு, மறுபடி பூட்டியிருந்த பீரோவின் சாவியை எடுத்தாள்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு வானம் ஒரு பக்கம் கறுத்துவிட்டது. வேன் கிளம்பும் நேரத்தில் முன் கதவு திறந்தது. மனைவி ஏறி உட்கார்ந்தாள்.

“நீ எங்க?”

“ஓர் உதவியாளர்னு போட்டிருக்கே. உங்க மச்சினன் டிரைவர். அப்ப உதவியாளர் யாரு?” சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். “வண்டியை எடுடா.”

கடற்கரைச் சாலையில் எதிரே வருகிற வண்டிகளெல்லாம் அவர்களைப் பார்த்து ஹார்ன் அடித்தன, திரும்பிப் போகச் சொல்லிக் கை காட்டின. காற்று வேனைப் பக்கவாட்டில் தள்ளியது. ஸ்டுடியோக்காரர் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டார். அது பயம் இல்லை, சந்தோஷம். “அங்க பாரு! அங்க பாரு!” என்று அவர் காட்டிய பக்கமெல்லாம் மேகம் சுருண்டு சுருண்டு இறங்கியது.

ஒரு மரக்கிளை சாலையில் விழுந்தது. மச்சினன் பிரேக் போட்டான். மனைவி கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு, “ஒண்ணும் ஆகாது, இன்சூர் பண்ணியாச்சு” என்றாள்.

“அக்கா, சாமானைத்தான் இன்சூர் பண்ணியிருக்கு. நம்மள இல்ல.”

“சும்மா ஓட்டுடா.”

கடலிலிருந்து அரைக் கிலோமீட்டரில் மேடான இடத்தில் ஒரு பள்ளிக்கூடம். வராண்டாவிலிருந்து மைதானம், மைதானத்துக்கு அப்பால் கடல், கடலுக்கு மேல் அந்த மேகம். இதைவிட நல்ல இடம் கிடையாது. மணி மூன்று பத்து. ஸ்டுடியோக்காரர் வேனிலிருந்து குதித்து ஸ்டாண்டை எடுத்தார்.

“வந்துட்டீங்களா!” என்று ஒருவர் மழைக்கோட்டோடு ஓடி வந்தார். கழுத்தில் அடையாள அட்டை. முகாம் அதிகாரி. “காலைலருந்து காத்திருக்கோம். வர வேண்டிய போட்டோக்காரர் வரவே இல்ல.”

“என்ன போட்டோ?”

“பாஸ்போர்ட் சைஸ்தான். வீடு வீடா ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து இங்க தங்க வச்சிருக்கோம். நிவாரண அட்டைக்கு ஆளுக்கு ரெண்டு ஒட்டணும். மொத்தம் தொண்ணூத்தி நாலு பேர்.” அதிகாரி வேனின் பலகையை ஆசையோடு வாசித்தார். “ஐந்தே நிமிடம்! பிரமாதம்!”

ஸ்டுடியோக்காரர் வாயைத் திறந்தார். மாட்டேன் என்று சொல்லத்தான் திறந்தார்.

“வெறும் வேன்” என்று மனைவி காதருகே முணுமுணுத்தாள். “மாட்டேன்னா வெறும் வேன்.”

அவர் வாயை மூடினார்.

வராண்டாவில் ஸ்டூல் போட்டார்கள். பின்னால் இரண்டு தூணுக்கும் நடுவே நீலத் திரையைக் கட்டினார்கள். கடலும் மேகமும் திரைக்கு அந்தப் பக்கம் மறைந்துபோயின. மனைவி கண்ணாடியும் ஏஜென்டின் சீப்புமாக வரிசையின் தலையில் நின்றுகொண்டாள். “அடுத்து! தலைமுடியை ஒதுக்குங்க. அடுத்து!” அவள் குரலில் இப்படி ஓர் உற்சாகத்தை ஸ்டுடியோவில் யாரும் கேட்டதில்லை.

“தலையை நேரா. காது தெரியணும். ஆடாதீங்க” என்றார் ஸ்டுடியோக்காரர், அழாத குறையாக.

“மாமா, கரையேற இன்னும் இருபது நிமிஷம்தான்” என்று மச்சினன் பிரிண்டர் பக்கத்திலிருந்து கத்தினான்.

பத்து பேர். இருபது பேர். திரைக்குப் பின்னால் இடி உருண்டது. வாழ்நாள் பூரா காத்திருந்த புயல் நாலு முழத் துணிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறது. இவர் இந்தப் பக்கம் ஒருவருடைய காலரைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்.

முப்பத்தெட்டாவது ஆளோடு பேட்டரி விளக்குகள் இரண்டும் அணைந்தன. கரண்ட் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. நான்கு மணிக்கே எதிரில் இருக்கிற முகம் தெரியாத இருட்டு.

“அவ்வளவுதான். வெளிச்சம் இல்ல” என்றார் ஸ்டுடியோக்காரர் அவசரமாக, ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டே.

“ஏன், அது இருக்கே” என்றாள் மனைவி. “அந்தத் தீப்பெட்டி. மின்னல் வெட்டினா எடுக்குமே.”

அதைச் சொன்னது மச்சினனாக இருந்திருந்தால் ஸ்டுடியோக்காரர் அடிக்கவே போயிருப்பார். சொன்னது மனைவி.

மின்னல் கண் கேமராவின் தலையில் ஏறியது. ஒவ்வொருவரும் ஸ்டூலில் உட்கார்ந்து மின்னலுக்காகக் காத்திருந்தார்கள். “கண்ணைச் சிமிட்டாதீங்க! இதோ வந்துடும்!” என்று மனைவி அதட்டினாள். வானம் ஒருமுறை வெட்டும், க்ளிக். அடுத்த ஆள். சிலருக்கு உடனே வந்தது. ஒரு பஸ் கண்டக்டர் மட்டும் மூன்று நிமிஷம் சிமிட்டாமல் காத்திருந்து, மின்னல் வந்தபோது தும்மினார்.

நாற்பத்து மூன்றாவது ஆள் கோழிப்பண்ணைக்காரர். தோளில் கனமான துண்டு. துண்டு தானாக அசைந்தது.

“உள்ள என்னங்க?”

“மிஞ்சினது இது ஒண்ணுதான் சார். கீழ விட்டா பறந்துடும்.”

“கோழியெல்லாம் போட்டோல வரக்கூடாதுங்க.”

“வராது சார். நல்லா மூடிக்கிறேன்.” அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஆடாதீங்க” என்றார் ஸ்டுடியோக்காரர்.

அப்போதுதான் காற்று திரும்பியது.

நீலத் திரை ஒரு பக்கத்துக் கயிற்றை அறுத்துக்கொண்டு வானத்துக்குப் போனது. மனைவியின் கையிலிருந்த கண்ணாடி விழுந்து உடைந்தது, சீப்பு பறந்தது. கைப்பிடிச் சுவரில் வைத்திருந்த சுரைக்காய் லென்ஸ் பையோடு கிளம்பி மைதானத்தின் மேல் பறந்தது. ஸ்டுடியோக்காரர் லென்ஸின் பின்னால் ஓட ஓரடி வைத்தார். கேமரா ஸ்டாண்டு சாய்ந்தது.

“விடுங்க!” என்று மனைவி வீறிட்டாள். “அது போகட்டும்! கேமராவைப் பிடிங்க! இன்சூர் பண்ணியாச்சு!”

“இன்சூர் பண்ணியாச்சு!” என்று அவரும் கத்தினார். அத்தனை காற்றிலும் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஸ்டாண்டின் மேல் விழுந்து அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். வானம் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை பிளந்தது.

க்ளிக்.

மழை அடங்கியதும் கேமராவின் சின்னத் திரையை எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

படத்தின் நடுவில் கோழிப்பண்ணைக்காரர். தலை நேராக, இரண்டு காதும் தெரிய, சிரிக்காமல், ஒரு நூல் ஆடாமல் உட்கார்ந்திருக்கிறார். துண்டைக் கிழிக்காத குறையாகக் கோழி இறக்கையை விரித்து வெளியே நிற்கிறது. அவர் தலைக்கு மேல் நீலத் திரை ஒரு கொடியாகப் பறக்கிறது. பின்னால் கடல் முழுக்க, வானம் முழுக்க, அடுக்கடுக்காக அந்த மேகம். மேகத்திலிருந்து கடலுக்கு இறங்கிய மின்னலின் ஒவ்வொரு கிளையும் தெரிந்தது.

ஸ்டுடியோக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. “மேகம் தெளிவா இருக்கு” என்றார் மனைவியிடம். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோழிப்பண்ணைக்காரரும் எட்டிப் பார்த்தார். அவருக்குத் திருப்தி இல்லை.

“கோழி தெரியுதே சார். பின்னாடி நீலமும் இல்ல. அட்டைக்கு இதை வாங்க மாட்டாங்க. இன்னொண்ணு எடுங்க.”

இன்னொன்று எடுத்தார். மீதி ஐம்பத்தொரு பேரையும் எடுத்தார். அதிகாரியின் ஜீப் விளக்கு வெளிச்சத்தில், ஒரு வகுப்பறைச் சுவரின் முன்னால், முகம் கோணாமல் எடுத்தார்.

புயலுக்குப் பிறகு பதினோராம் நாள் வானிலை மையத்திலிருந்து போன் வந்தது. காலண்டர் அட்டை அவருடையது. ஸ்டுடியோக்காரர் போனை வைத்துவிட்டு ஸ்டுடியோவுக்குள்ளேயே இரண்டு சுற்று ஓடினார். மச்சினன் எட்டு மெத்தைகளையும் மறந்து வேனை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு வந்து கட்டிப்பிடித்தான். ஜெராக்ஸ்காரர்கூட வந்து கை கொடுத்தார்.

“இப்ப இழப்பீட்டு ஃபாரத்தை எழுதுவோம்” என்றாள் மனைவி, கைப்பையிலிருந்து ரசீதை எடுத்து மேஜையில் நீவிவைத்தபடி. அவள் முகம் பூரித்துப்போயிருந்தது. “சுரைக்காய் லென்ஸ் ஒண்ணு. நீலத் திரை ஒண்ணு. கண்ணாடி ஒண்ணு. சீப்பு ஒண்ணு. பாத்தீங்களா, நான் மட்டும் அன்னைக்குப் பிடிவாதமா இன்சூரன்ஸ் கேக்கலன்னா என்ன ஆகியிருக்கும்?”

“நீ சொன்னதாலதான் தைரியமா நின்னேன்” என்றார் அவர். மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. மதிப்பீட்டாளர் அம்மா கனமான கோப்போடு உள்ளே வந்தார். பின்னால் ஏஜென்ட், தரையைப் பார்த்துக்கொண்டு.

“வாங்க, வாங்க! உங்களைத்தான் நினைச்சோம்” என்றார் ஸ்டுடியோக்காரர். “பாலிசி வந்துடுச்சா?”

அம்மா கோப்பை மேஜையில் வைத்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். கேமராவின் முன்பக்கம், பின்பக்கம், லென்ஸ், ஸ்டாண்டு, மணல் மூட்டை என்று ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, முதல் பக்கத்துக்கு வந்து நிறுத்தினார்.

“தலைமை அலுவலகத்துல பாலிசியை ஆரம்பிக்கவே இல்ல சார். ஃபாரம் திரும்பி வந்துடுச்சு. இருபத்து மூணு போட்டோவும் ரொம்ப அருமையா இருக்காம். வலது மூலைல, விண்ணப்பதாரரோட பாஸ்போர்ட் சைஸ் போட்டோ மட்டும் இல்லையாம்.”